டிவிப் பெட்டியின் கதவைப் பூட்டினேன்

நாங்கள் பாக்கார் ஆராங் என்ற ஊரில் இருக்கிறோம். வீட்டிலேயே மலாய்க்காரர்கள் உடுத்தும் பாஜு தைத்துக் கொடுப்பது என் வேலை. என் மகள் ரீத்தா தையல் மெஷின் பக்கம் வராமலிருக்க, பகலில் வாடகை வீடியோ போட்டுவிடுவேன், மாலையில் டிவி. போன வருஷம் இரண்டரை வயதாகியும் அவள் ஒரு வார்த்தை பேசவில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டாலும் திரும்பமாட்டாள்.

“பிள்ளைக்குக் காது கேக்கலையோ? ஆஸ்பத்திரியில காட்டிப் பாருலா தங்கச்சி” என்றார் பக்கத்து வீட்டு பாக்கியம் அக்கா.

அன்று மாலை நாங்கள் டிவி போடுமுன்பே, அக்கா வீட்டு டிவியிலிருந்து விளம்பரப் பாட்டு லேசாகக் கேட்டது. சமையலறையில் இருந்த ரீத்தா வாசலுக்கு ஓடினாள். அப்படியானால் காது கேட்கிறது! என் குரலுக்கு மட்டும் ஏன் திரும்புவதில்லை? யோசித்தபோதுதான், நாள் முழுக்க நான் அவளோடு பேசுவதே இல்லை என்று உறைத்தது.

என்னதான் ஆகிறது பார்ப்போம் என்று டிவிப் பெட்டியின் மரக்கதவை இழுத்துப் பூட்டினேன். இரண்டு நாள் கதவைத் தட்டித் தட்டி அழுதாள். நான் தைத்துக்கொண்டே நூல், ஊசி, துணியின் நிறம் என்று வாய் ஓயாமல் அவளிடம் பேசினேன். மூன்றாவது வாரம் ஒருநாள் குளிக்கக் கூப்பிட்டேன். நூற்கண்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவள், திரும்பிப் பார்க்காமலே கையை மட்டும் தூக்கி, “இரு” என்றாள்.

பேசிவிட்டாளே என்று என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, அவள் செய்தபடியே செய்து காட்டிச் சிரித்தேன். அவர் சிரிக்கவில்லை.

“நீ அப்படித்தானே சொல்லுவ?” என்றார்.

அவள் வந்து என் கைலியை இழுத்தபோதெல்லாம், மெஷினிலிருந்து கண்ணெடுக்காமல் நான் காட்டிய அதே கை, நான் சொன்ன அதே “இரு”.

இப்போது அவள் கூப்பிட்டால், முதலில் மெஷினை நிறுத்துகிறேன்.