செத்தவர் பெயர்

ஓய்வுபெற்ற பிளம்பர் அன்ஷெல், ஹைஃபா பல்கலைக்கழகத்தில் நவீன யூதச் சமூகம் படிக்க வந்தார். ஐரோப்பாவில் மாண்ட சித்தப்பாவின் பெயர் அவருக்கு. உயிரோடிருப்பவர் பெயரைப் பிள்ளைக்கு வைத்தால் எமன் ஆள்மாறிப் பிடிப்பான் என்பது ஐரோப்பிய யூதர்களான எங்கள் பயம்; அதனால் செத்தவர் பெயரைத்தான் வைப்போம்.

கட்டுரைக்காகப் பழைய கப்பல் பட்டியலைப் புரட்டினால், அன்ஷெல் பிறந்து இரண்டு வருடம் கழித்து அதே சித்தப்பா இதே ஊரில் இறங்கியிருக்கிறார்! இறந்தவர்களை நாங்கள் பக்தியோடு நினைப்பவர்கள். தேட எங்கே நேரம்?

“அவர் மகன் நம்பர் இந்தாங்க, பெரியவரே. பேயைப் பாத்த மாதிரி முழிக்காதீங்க,” என்றாள் ஆவணக்காப்பக நோகா.

“ஃபைவெல் பேசறேன், யாரு?” என்றது போனில் ஒரு குரல்.

அது அன்ஷெலின் அப்பா பெயர். சித்தப்பாவும் தன் அண்ணன் செத்தாரென்று நம்பி, மகனுக்கு அவர் பெயரை வைத்திருக்கிறார்.

“நான் அன்ஷெல்.”

“விளையாடாதீங்க. எங்கப்பா அன்ஷெலை நானே புதைச்சேன்.”

“நானும் உங்களைப் புதைச்சிருக்கேன், தம்பி.”