படிக்காத நாவலைப் பற்றிப் பேசிய ஞாயிறு

அரூர் நூலகத்தில் மாதம் ஒரு ஞாயிறு எங்கள் வாசகர் வட்டம் கூடும். பத்துப் பன்னிரண்டு பேர் வருவோம். இசை நாடகமாக மேடையேறிய நாவல்களை மட்டும் கொஞ்ச நாள் படிக்கலாம் என்று யோசனை சொன்னவன் நான். அதனால் பேச்சைத் தொடங்கி வைக்கும் பொறுப்பும் என்னிடமே வந்தது.

மூன்றாவது மாதத்து நாவல் எனக்கு இருபது பக்கத்துக்கு மேல் ஓடவில்லை. நாடகத்தைக் கைப்பேசியில் பார்த்திருந்தேன். அது போதும் என்று நினைத்துவிட்டேன்.

கூட்டத்தில் நாவலின் கடைசிக் காட்சியைப் பற்றி உருக்கமாகப் பேசினேன். நாயகி பஞ்சாயத்தில் எழுந்து நின்று, கணவனைக் கேள்வி கேட்டுப் பாடும் காட்சி. அந்தப் பாட்டின் ஒவ்வொரு வரியும் நாவலிலேயே இருக்கிறது என்றுகூடச் சொன்னேன்.

பாப்பிரெட்டிப்பட்டியில் தையல் கடை வைத்திருக்கும் பெண் ஒருவர் பஸ் ஏறி வருவார். அதிகம் பேசமாட்டார். அன்று கையைத் தூக்கினார்.

"சார், புக்குல அவ பஞ்சாயத்துக்கே போவலீங்க. வூட்டுலயேதான் இருக்கறா. ஒரு வார்த்தகூடப் பேசலீங்க."

"அப்படியா" என்று கேட்டிருக்கலாம். நான் சிரித்தேன். "கடைசி வரைக்கும் படிச்சீங்களாம்மா? அவசரப்படாம இன்னொரு தடவ படிங்க, புரியும்."

இரண்டு பேர் சத்தமாகவே சிரித்தார்கள். அவர் புத்தகத்தைப் புரட்டி ஏதோ ஒரு பக்கத்தில் நிறுத்தினார். பிறகு மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

மறுநாள் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைசி அத்தியாயத்தைப் படித்தேன். அவர் சொன்னதுதான் சரி.

அடுத்த சனிக்கிழமை அவர் கடைக்குப் போனேன். "நான் படிக்கவேயில்லைங்க. மன்னிச்சுக்குங்க" என்றேன்.

அவர் மிஷினை நிறுத்தினார். "பரவால்லீங்க சார். ஆனா இத எங்கிட்ட எதுக்குச் சொல்றீங்க? சிரிச்சவங்ககிட்டச் சொல்லுங்க."

"கண்டிப்பா சொல்றேங்க."

அடுத்த கூட்டத்துக்கு அவர் வரவில்லை. சொல்லிவிட வேண்டும் என்றுதான் எழுந்தேன். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். "போன முறை நாவலின் முடிவைப் பற்றி ஒரு சின்னக் குழப்பம் நேர்ந்துவிட்டது" என்றேன். யாருடைய குழப்பம் என்று சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை. அந்த மாத நாவலுக்குப் போய்விட்டோம்.

அதற்குப் பிறகும் அவர் வரவில்லை. பாப்பிரெட்டிப்பட்டி வழியாகப் போகும்போது அவர் கடை இருக்கும் தெருவைத் தவிர்த்து வண்டியைத் திருப்பிவிடுகிறேன்.