மிட்டாய் கரையும் வரை

என் அக்கா கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கிறவள். இந்த ஊரில் பாதிப் பேர் ஒழுங்காக ஸ்டியரிங் பிடிக்கிறார்கள் என்றால் அது அவள் புண்ணியம். ஆனால் நான் சொல்ல வந்தது அவள் கதை எழுதுகிறவள் என்பதை. கூடப் பிறந்தவள் என்பதால் கொஞ்சம் தூக்கித்தான் பேசுவேன். பிடிக்காதவர்கள் இங்கேயே இறங்கிக்கொள்ளலாம்.

பயிற்சிக் காரில் அவள் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. பழகுகிறவர் தடுமாறினால் மிதிப்பதற்கு. இவளோ தடுமாறுவதற்கு முன்பே மிதித்துவிடுவாள். பெரிய நாற்சந்தியை என்னை ஒரு தடவையாவது தாண்டவிட்டாளா? ஒருநாள் பொறுமை போய், வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டு, கதவை அறைந்து சாத்திவிட்டு நடந்தே வீட்டுக்கு வந்தேன். அதற்கப்புறம் எனக்கும் காருக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை.

கதை எழுதும்போதும் அதே கால்தான். தொடக்கம் பிய்த்துக்கொண்டு போகும். கதையில் வருகிறவளுக்கு ஆபத்து என்றதும் பேனா நின்றுவிடும். பீரோ நிறையப் பாதிக் கதைகள்.

“சாகறதுக்குள்ள ஒரே ஒரு கதையாவது முடிச்சிடணும்டி” என்பாள். விளையாட்டாகச் சொல்கிற மாதிரி இருக்கும். ஆனால் முகம் வாடிவிடும்.

அவளிடம் கார் பழகிய முடிதிருத்துகிறவர்தான் அவளைத் தங்கள் எழுத்தாளர் குழுவுக்கு இழுத்துக்கொண்டு போனார். ஞாயிறு மாலையில் அவர் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, சுழல் நாற்காலிகளைத் திருப்பிப் போட்டு உட்காருவார்கள். அங்கே ஒரு சட்டம். எழுதியவர் தன் கதையைத் தானே படிக்கக் கூடாது, வேறொருவர் படிப்பார். எழுதியவர் வாயில் ஒரு கெட்டி மிட்டாய் இருக்கும். அது கரையும்வரை விளக்கம், சமாளிப்பு, மன்னிப்பு எதுவும் கிடையாது. கடித்து நொறுக்கினால் எல்லோருக்கும் டீ வாங்க வேண்டும்.

அக்கா முதல் வாரமே நொறுக்கினாள். “இல்ல, அது வந்து, நான் என்ன நெனச்சேன்னா...” என்று ஆரம்பித்து டீ வாங்கிக் கொடுத்துவிட்டு வந்தாள்.

அடுத்த முறை அவள் கொடுத்த கதையில் ஒரு பெண் முதன்முதலாகத் தனியாகக் காரை எடுத்துக்கொண்டு நாற்சந்திக்கு வருகிறாள். எதிரே லாரி. அவ்வளவுதான். படித்துக்கொண்டிருந்த தையல்கார அம்மா தாளைத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் வெள்ளை.

“மீதி எங்கம்மா?”

எல்லோரும் அக்காவைப் பார்த்தார்கள். வாய் நிறைய மிட்டாய்.

“அடுத்தவங்க வாயால கேக்கறப்பதான்டி உறைச்சுது. அவள நடுரோட்டுல விட்டுட்டு நான் பாட்டுக்கு வந்துட்டேன்” என்றாள் வீட்டுக்கு வந்ததும்.

அதோடு அவர்கள் விடவில்லை. தைக்கத் துணி கொடுக்கப் போனால், “அந்தப் பொண்ணு தாண்டிட்டாளா?” அத்தான் முடி வெட்டப் போனால், கழுத்தில் கத்தியை வைத்துக்கொண்டு, “வீட்ல சொல்லுங்க சார், அது பாவம் இன்னும் அங்கயே நிக்குது.” இப்படிப் பிடுங்கி எடுக்க ஆளிருந்தால் யார்தான் எழுத மாட்டார்கள்? உடன்பிறந்த நானே இத்தனை நாளில் கேட்டதில்லை.

முடித்தாள். அந்த ஞாயிறு என்னையும் அழைத்துப் போனாள். முடிதிருத்துகிறவர் படித்தார். நாற்சந்தி நடுவே அந்தப் பெண்ணின் வண்டி அணைந்துவிடுகிறது. லாரிக்காரன் கத்துகிறான். அவள் கண்ணாடியை இறக்கி, வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டு, வண்டியைக் கிளப்பித் தாண்டிப் போகிறாள். அவள் திட்டியதைக் கேட்டதும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அன்றைக்குக் கதவை அறைவதற்கு முன் நான் அக்காவைத் திட்டிய திட்டு, ஒன்று விடாமல்!

“அப்பாடா, போய்ட்டா!” என்று தையல்கார அம்மா மூச்சு விட்டார். கடையே கைதட்டியது. அக்கா ஒரு கன்னம் புடைக்க, கண்ணீர் வழிய, வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. “எங்க அக்கா! எங்க அக்காவாக்கும்!” என்று, எல்லோருக்கும் தெரிந்ததையே சத்தமாகச் சொன்னேன்.

மறுநாள் காலையில் கையை நீட்டினேன். “சாவியக் குடு.”

ஒன்றும் கேட்காமல் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். நாற்சந்தி வந்தது. அவள் பிரேக்கை மிதிக்கும்போது வரும் வழக்கமான அந்த உலுக்கலுக்காகப் பல்லைக் கடித்துக்கொண்டேன். வரவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தேன். இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கிச் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். கன்னத்தில் மிட்டாய்.

தாண்டினேன். முழுசாக, நானே.

அந்தப் பக்கம் போய்ச் சேர்ந்த பிறகுதான் ‘கடக்’ என்று சத்தம் கேட்டது.

“இண்டிகேட்டர் போட்டியாடி?”