பத்து மணித் தூக்கம்

ஐந்தருவியில் தண்ணீர் ஓங்கி விழுகிற இடமாகப் பார்த்துத் தலையைக் கொடுத்துக்கொண்டு நிற்கிறான் துல்கர்னைன். காலையில் திருவனந்தபுரத்தில் விமானத்தை விட்டு இறங்கியவன் இன்னும் தென்காசி வீட்டுக்குப் போகவில்லை. பெட்டியெல்லாம் காரிலேயே கிடக்கிறது. கண்ணுக்குக் கீழே கோடாலித் தைலம் தேய்த்தாயிற்று, புளியறையில் மூன்று கிளாஸ் கட்டன் சாயா குடித்தாயிற்று. அதற்கெல்லாம் அடங்காத தூக்கத்தை அருவியில் போட்டு அடிக்கிறான்.

கார் ஓட்டி வந்த தில்லைநாயகம் துண்டோடு நிற்கிறார். “பாய், முன்னெல்லாம் கிறுக்குப் பிடிச்சவங்களத்தான் இப்பிடிக் கொண்டாந்து தண்ணிக்கடியில நிப்பாட்டுவாவ!”

“எனக்கும் அதே சீக்குதான் அண்ணாச்சி. இன்னும் செத்த நேரம்!”

கனடாவின் மேற்குக் கோடியில், வான்கூவரில், ஒரு ரொட்டிக் கம்பெனியில் மாவு பிசைகிற மிஷினைப் பார்த்துக்கொள்கிறான். இங்கே மத்தியானச் சோறு வடிக்கிற நேரம் அங்கே நடுராத்திரி. “நான் பிளேன்ல வந்துருதேன். என் தூக்கம் கப்பல்ல ஏறிப் பைய வருது” என்பான். வேடிக்கைக்குச் சொல்கிறான் என்று நினைக்க வேண்டாம், அதுதான் நிசம். போன தடவை சலூன் நாற்காலியில் பாதி முகத்துக்குச் சவரம் பண்ணியிருக்கும்போதே குறட்டை விட்டான். பள்ளிவாசலில் மத்தியான லுகர் தொழுகையில் சுஜூதுக்குக் குனிந்து நெற்றியைத் தரையில் வைத்தவன் எழுந்திருக்கவே இல்லை. பக்கத்தில் நின்றவர்கள் மவுத்தாகிப் போனானோ என்று பதறி மூக்கில் கை வைத்துப் பார்த்தார்கள். அவன் கண்ணைத் திறந்து, எதுவும் நடக்காதது போல இரண்டு பக்கமும் சலாம் கொடுத்தான்.

இந்தத் தடவை சிரிப்பதற்கு ஒன்றும் இல்லை. வாப்பா மவுத்தானபோது அவன் வந்து சேருவதற்குள் அடக்கம் முடிந்துவிட்டது. கபர் மண்ணைத் தொட்டதுதான் மிச்சம். இப்போது உம்மா சைதூன் பீவிக்கு ஒரு பக்கம் கையும் காலும் விழுந்துவிட்டது. நாள் முழுக்க மயக்கம். காலை மாத்திரை உள்ளே போன பிறகு, பத்து மணி வாக்கில் கொஞ்ச நேரம் கண் தெளியும், பேச்சு வரும். கஞ்சியில் உப்பில்லை என்று மருமகளை, இவன் பெண்டாட்டி சஃப்ரினை வைவாள். அப்புறம் மறுபடி மயக்கம். பேச்சும் ரொம்ப நாளைக்கு இராது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அது நிற்பதற்குள் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு நாளாவது பேசிவிட வேண்டும் என்றுதான் மிச்சமிருந்த லீவையெல்லாம் திரட்டிக்கொண்டு ஓடி வந்தான்.

அங்கேதான் விதி வந்து குறுக்கே படுத்தது. இத்தனை வருஷமும் வான்கூவரில் அவன் படுக்கப் போகுமுன் உம்மாவுக்குப் போன் போடுவான். இங்கே அது காலை பத்து மணி. சஃப்ரின் போனைப் பிடித்துக்கொள்வாள். “சாப்பிட்டியாலே, போர்த்திக்கிட்டு ஒறங்கு” என்று உம்மா சொல்ல வேண்டியது, அவன் விளக்கை அணைக்க வேண்டியது. இப்படியே பழகிப் பழகி, அந்தக் குரல் காதில் விழுந்தால் தூங்கிப்போகிற உடம்பாகிவிட்டது அவன் உடம்பு.

வந்த மறுநாள் பத்து மணிக்கு உம்மா கண்ணைத் திறந்தாள். “வந்துட்டியாலே?” என்றாள். “வந்துட்டேம்மா” என்று அவள் கையைப் பிடித்தவன், அப்படியே கட்டில் சட்டத்தில் தலை சாய்ந்துவிட்டான். முழித்தபோது சாயங்கால அசர் பாங்கு சொல்லிக்கொண்டிருந்தது. உம்மா மயக்கத்தில் கிடந்தாள்.

“ஏன் எழுப்பல?” என்று சஃப்ரினிடம் பாய்ந்தான்.

“எம்புள்ளைய எழுப்புனா மருந்தத் துப்பிருவேன்னு சொல்லுதாவ. நான் யாரு பேச்சக் கேக்க?”

சஃப்ரின் மேல் குற்றம் சொல்ல முடியாது. பயணம் வந்தவனை எழுப்பக் கூடாது என்பது அந்த வீட்டுச் சட்டம். வாப்பா ரியாத்திலிருந்து வருகிற காலத்தில் உம்மா போட்டது. அவர் படுத்திருக்கிறபோது மிக்ஸிகூட ஓடாது. ரியாத்துக்கும் தென்காசிக்கும் இரண்டரை மணி நேரம்தான் வித்தியாசம். மனுஷன் ஒரு ராத்திரி தூங்கினால் தெளிந்துவிடுவார். பூமிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வருகிறவனுக்கும் அதே சட்டத்தைப் போட்டால் எப்படி? யார் போய் உம்மாவுக்கு விளங்க வைப்பது?

“உம்மா வேற என்ன சொன்னாவ?”

“தலமுடி இப்பிடிக் கொட்டிப்போச்சே, அங்கன தண்ணி சரியில்லையோங்காவ.”

அவன் தலையைத் தடவிக்கொண்டான்.

அதற்கு மறுநாள், வெயில் பட்டால் உடம்பு ஊரோடு ஒத்துப்போகும் என்று யாரோ சொல்ல, விடிந்ததிலிருந்து மொட்டை மாடியில் நின்று கருகினான். பத்து மணிக்கு இறங்கி வந்து, தூங்காமல் இருப்பதற்கென்றே உம்மாவின் காலை அமுக்கினான். அவள் வாயைத் திறந்ததுதான் தாமதம், காலைப் பிடித்தபடியே போய்விட்டான். “கனடாவுலருந்து என் காலப் பிடிச்சுக்கிட்டு ஒறங்கவாலே வந்தே?” என்று உம்மா சிரித்ததையும் சஃப்ரின் சொல்லித்தான் தெரிந்துகொண்டான். இஞ்சியைக் கடித்தான். நின்றுகொண்டே இருந்து பார்த்தான், சுவரில் சரிந்தான். ராத்திரியெல்லாம் முழித்திருந்து அவள் மூச்சைப் பார்த்துக்கொண்டிருப்பான். அப்போது அவள் பேச மாட்டாள். தினமும் அவள் பேச்சு மருமகள் வாய் வழியாகத்தான் அவனுக்கு வந்தது. பேச்சும் நாளுக்கு நாள் குறைந்துகொண்டே வந்தது.

நாளைக்கு விமானம். இன்று காலையில் அவன் ஒரு காரியம் செய்தான். உம்மாவின் முக்காட்டுத் துணி நுனியைத் தன் கட்டைவிரலில் இறுக்கிக் கட்டிக்கொண்டு கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்தான். அவள் தலையை அசைத்தால் விரல் சுண்டும், முழித்துக்கொள்ளலாம் என்று கணக்கு.

முழித்தபோது வெயில் சாய்ந்திருந்தது. விரலில் துணி இல்லை. துணி கட்டியிருந்த இடம் சிவந்திருந்தது, அதில் தைல வாசம் அடித்தது.

சஃப்ரின் வாசற்படியில் நின்றாள். “ஒத்தக் கையாலயும் பல்லாலயும் அவுத்தாவ. நான் பக்கத்துல போனதுக்கு, விரல் நுனியை உதட்டுல வச்சுச் சும்மாயிருன்னுட்டாவ.”

“ஏதாச்சும் சொன்னாவளா?”

“இன்னைக்கு ஒண்ணும் சொல்லல.”

துல்கர்னைன் உம்மாவின் முகத்தைப் பார்த்தான். அவள் கண் மூடியிருந்தது. முக்காட்டு நுனியைத் தேடி எடுத்து, மறுபடி அதே விரலில் சுற்றி, இந்தத் தடவை முடிச்சின் மேல் இன்னொரு முடிச்சுப் போட்டு இறுக்கினான்.