பல்லடம் வரைக்கும் ஒரு கதை

தொண்ணூற்றைந்தோ தொண்ணூற்றாறோ, ஒரு சித்திரை மாதத்து மத்தியானம். சிங்காநல்லூரில் பஸ் ஏறி, வெள்ளகோவிலில் இருந்த அம்மா வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தேன்.

அதற்கு முன்னால் சில வருஷமாக ஒரு பத்திரிகையின் சிறுவர் பகுதிக்குக் கதை எழுதி வந்தேன். தலைப்பிரசவத்தில் குழந்தை தங்காமல் போனதிலிருந்து ஒரு வரிகூட ஓடவில்லை. பேனாவை எடுத்தாலே, யாருக்காக எழுதிக் கிழிக்கப் போகிறோம் என்று சலிப்பாக வரும். சொந்தக்காரர்கள் வேறு, என் மனசு நோகுமென்று அவர்கள் பிள்ளைகளை என் பக்கமே விடமாட்டார்கள். நல்ல எண்ணம்தான், ஆனால் அதில்தான் நான் ரொம்ப நொந்துபோனேன். இனிமேல் எழுதுவதில்லை, பத்திரிகைக்கும் சொல்லிவிடலாம் என்ற முடிவோடுதான் அன்றைக்குக் கிளம்பியிருந்தேன்.

பஸ்ஸில் சரியான கூட்டம். சூலூரில் ஒரு அம்மா கட்டைப்பையும் இடுப்பில் நாலு வயசுப் பெண்குழந்தையுமாக ஏறினார். "அம்மணி, பாப்பாவைக் கொஞ்சம் வெச்சுக்கங்க" என்றவர், நான் பதில் சொல்வதற்குள் அவளை என் மடியில் இறக்கிவிட்டார். நம் பக்கத்து பஸ்ஸில் இதெல்லாம் சர்வசாதாரணம். நான்தான் எப்படிப் பிடிப்பதென்று தெரியாமல் அவளை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

குழந்தை நெளிய ஆரம்பித்தாள். அழுதுவிடப் போகிறாளே என்ற பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். காங்கேயம் சந்தையிலிருந்து தப்பித்த ஆட்டுக்குட்டி ஒன்று தனியாக பஸ் ஏறிவிட்டது என்று.

"அதுக்கு அரை டிக்கெட்டுங்களா?"

"கண்டக்டரும் அதைத்தான் கேட்டாராம் கண்ணு. எனக்கு நாலு காலு, ரெண்டு டிக்கெட்டாக் குடுங்கன்னுச்சாம்."

அவள் சிரித்தாள். பக்கத்தில் நின்றவர்களும் சிரித்தார்கள். எத்தனையோ மாதத்துக்குப் பிறகு எனக்கும் சிரிப்பு வந்தது.

பல்லடத்தில் அந்த அம்மா குழந்தையைத் தூக்கினார். அவள் என் சேலையை விடவில்லை. "ஆட்டுக்குட்டி ஊடு போய்ச் சேந்துச்சுங்களா?" என்று கேட்டுக்கொண்டே இறங்கிப் போனாள். எனக்கே தெரியாதே. காங்கேயம் வருகிற வரை முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு அழுதேன். வீட்டுக்குப் போனதும், அம்மா கொடுத்த மோரைக்கூடத் தொடாமல் உட்கார்ந்து அந்தக் கதையை எழுதி முடித்தேன். ஆட்டுக்குட்டியை வீடு சேர்த்துவிட்டேன்.

இப்போதும் ஒன்றும் ஓடாமல் சோர்ந்து கிடக்கும் நாட்கள் உண்டு. என் சங்கதி தெரிந்திருந்தால் அந்த அம்மாவும் தயங்கித்தான் இருப்பார். தெரியாமல், என்னையும் நம்பிப் பிள்ளையைக் கொடுக்கலாம் என்று அவர் நினைத்தாரே, அதுதான் இன்றுவரை என்னை எழுத உட்கார வைக்கிறது.