ஏழு கூம்புகளும் பேசிய பகல்

மருந்துக் கடைக்காரர் வந்து போன் என்று கூப்பிட்டார். எதிர்முனையில் என் நண்பன் சிக்கந்தரின் மனைவி ஜமீலா. "அண்ணே, அவிய மவுத்தாயிட்டாக. சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பொறவு அடக்கம். வந்திருங்க." ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு எப்படி பஸ் ஏறினேன் என்று நினைவில்லை. நெஞ்சுவலி என்றார்கள். என்னைக் கேட்டால், அவன் செத்து வருஷக்கணக்காகிறது. பாத்திரக் கடையில் உட்கார்ந்திருந்தது வெறும் உடம்பு.

கடையில் பார்த்துப் பழகிய உங்களில் பலருக்கு அவன் செய்த வேலை தெரியாது. எண்பதுகளின் கடைசியில், மலையடிவாரத்தில் நாங்கள் வேலை பார்த்த ஆய்வு நிலையத்தில் ஒரு ரேடியோ தொலைநோக்கி இருந்தது. ஒரு நேரத்தில் வானத்தின் ஒரு புள்ளியைத்தான் அதனால் கேட்க முடியும். "இப்படி ஒவ்வொண்ணாக் கேட்டா வானம் முடியுமாலே? நம்ம ஆயுசுதான் முடியும்," என்பான். வானத்து அலையை வாங்கும் ஏழு உலோகக் கூம்புகளை நெருக்கி வைத்து, ஒரே சமயத்தில் ஏழு புள்ளிகளைக் கேட்கும் கருவியைத் திட்டமிட்டான். அதைக் கொண்டு தென்வானம் முழுவதையும் அளக்க வேண்டும். வேறு ஆசையே அவனுக்குக் கிடையாது. மேலிடத்திலிருந்து குழு ஒன்று வந்து பார்த்துச் சரி என்றால்தான் அனுமதி.

கூம்புகளை ராஜபாளையத்தில், மில் உதிரிப்பாகம் செய்யும் லேத்துப் பட்டறையில் கடைந்தோம். தொலைநோக்கியில் மாட்டியதும் உள்ளே குளவி கூடு கட்டத் தொடங்கியது. பேண்டேஜ் துணி நெய்கிற எங்கள் ஊர்ப்பக்கம் எதற்கெடுத்தாலும் அந்தத் துணிதானே! தறியிலிருந்து இறங்கிய துணியை அப்படியே வாங்கி ஏழு வாயையும் கட்டினான். "காத்தே போகுது, அலை போவாதா?" என்றான். கோடை முழுக்க நன்றாகத்தான் போயிற்று.

குழு வந்தது ஐப்பசியில். முந்தின நாள் மழை. நூலில் ஏற்றியிருந்த கஞ்சி ஈரத்தைக் குடித்துவிட்டு உலரவே இல்லை. ஈரத்துணியால் ஏழு கூம்புகளிலும் வெறும் இரைச்சல். குழுவில் ஒருவர், "ஏழு காதும் செவிடா?" என்று சிரித்தார். பாவி மனுஷன்! "சார், ரெண்டு நாள் பொறுங்க. துணியை அலசிப் போட்டுருதேன்," என்று சிக்கந்தர் ஜீப்புக்குப் பின்னாலேயே ஓடினான். ஜீப் நிற்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வெயில் அடித்தது. கஞ்சி போக வெந்நீரில் அலசிக் காயவைத்த துணியைக் கட்டினோம். பட்டப்பகலில், கண்ணுக்குத் தெரியாமல், பால்வீதி தலைக்கு மேல் கடந்தது. காகிதச் சுருளில் ஏழு பேனாமுனைகளும் அடுத்தடுத்து ஏறி இறங்கின. "எம்புட்டு அழகாப் பேசுது பாருலே!" என்று என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதான். அறையில் வேறு யாரும் இல்லை. அந்தச் சுருளையே குழுவுக்கு அனுப்பிவைத்தான். சுருளும் திரும்பவில்லை, குழுவும் திரும்பவில்லை. கருவியைக் கழற்றிப் பழைய இரும்போடு போட்டார்கள். அவன் வாப்பாவின் பாத்திரக் கடைக்குப் போய்விட்டான்.

அடக்கம் முடிந்து கிளம்பும்போது, கதவுக்குப் பின்னாலிருந்து ஜமீலா கேட்டாள். "அண்ணே, அந்தக் கருவி நெசமாவே வேலை செஞ்சுச்சா? கடைசி வரைக்கும் சொல்லிக்கிட்டே இருந்தாக. நாங்க சும்மா தலையாட்டுவோம்."

"செஞ்சுதும்மா. ஏழும் பேசுச்சு."

அவனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்த ஒரு பகல்தான். அதை இரண்டு பேர் பார்த்தோம். இனி நான் ஒருவன். நானும் போய்விட்டால், அந்தக் கருவி ஒருநாளும் வேலை செய்யவில்லை என்றே ஆகிவிடும்.