இரண்டு அப்பளம்

அந்தக் கோடை விடுமுறையில் நான் வீட்டில் யாரையும் நம்பவில்லை. எனக்குப் பத்து வயது. வியாழக்கிழமைதோறும் எங்கள் ராஜபாளையம் வீட்டுக்கு வந்த நர்ஸம்மாவை நம்பவில்லை. அவர் வந்ததும் புடவை மாற்றிக்கொண்டு கிளம்பிவிடுகிற அம்மாவை அதைவிட நம்பவில்லை. சந்தேகப்படுவதை எனக்குப் பழக்கியது அத்தை. அப்பாவின் அக்கா, அடுத்த தெருவில் இருந்தவள். பால்காரர் சிரித்துப் பேசினால் அன்றைக்குப் பாலை இரண்டு தடவை முகர்ந்து பார்ப்பாள்.

அப்பா பேண்டேஜ் துணி நெய்யும் மில்லில் ஃபிட்டர். முதலில் கையிலிருந்து ஸ்பேனர் நழுவியது. பிறகு கால் இழுத்தது, பேச்சு குழறியது, கடைசியில் பேச்சே நின்றுபோனது. மதுரைப் பெரிய ஆஸ்பத்திரியில், இது நரம்பு சம்பந்தப்பட்டது, மருந்து கிடையாது, வீட்டில் வைத்து நன்றாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ஏ.எல்.எஸ். என்ற பெயர் எனக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. நன்றாகப் பார்த்துக்கொள்வது எப்படி என்று மட்டும் அங்கே யாரும் சொல்லவில்லை.

அதைச் சொல்லிக்கொடுக்கத்தான் நர்ஸம்மா வந்தார். மிஷன் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய கணவரும் இதே நோயில் இறந்தவராம். அதிலிருந்து, யார் வீட்டில் இப்படி ஓர் ஆள் படுத்துவிட்டார் என்று கேள்விப்பட்டாலும் விசாரித்துக்கொண்டு போய்விடுவார். செவ்வாய்க்கிழமை கூமாப்பட்டியில் ஒருவர் வீடு, வியாழக்கிழமை எங்கள் வீடு. முதுகு புண்ணாகாமல் அப்பாவைப் புரட்டிவிடுவது, தலையைச் சற்றுக் குனிய வைத்துப் புரையேறாமல் கஞ்சி ஊட்டுவது எல்லாம் அம்மா அவரிடம் கற்றதுதான். இத்தனைக்கும் எதுவும் வாங்கிக்கொள்ள மாட்டார். அத்தைக்கு உறுத்தியது அதுதான்.

“சும்மாவா வாரா? இன்னைக்குக் கஞ்சி ஊட்டுவா, நாளைக்கு நம்ம எல்லாருக்கும் மதத்தையும் பேரையும் மாத்திவிட்டுட்டுத்தான் போவா,” என்றாள். ஒரு நாள் அவர் கை கழுவப் போன நேரத்தில் நான் அவர் பையைக் குடைந்து பார்த்தேன். கொஞ்சம் பஞ்சு, ஒரு ரப்பர் குழாய், ஒரு நோட்டு, எழுத்துகள் எழுதிய ஓர் அட்டை. வேறொன்றும் இல்லை என்று அத்தையிடம் சொன்னபோது அவள் முகம் தொங்கிப்போயிற்று. “அடியில பாத்தியாட்டி?” என்று கேட்டாள்.

அந்த அட்டைதான் அப்பாவின் வாய். நர்ஸம்மா எழுத்துகளின் மேல் விரலை நகர்த்திக்கொண்டே போவார். சரியான எழுத்து வந்ததும் அப்பா கண்ணை மூடித் திறப்பார். ஒரு சொல் முடிய எனக்குக் கொட்டாவி வந்துவிடும். அம்மாவும் அட்டையைப் பிடிப்பாள். ஆனால் ‘தண்ணி’, ‘திருப்பு’ இவற்றோடு சரி. நர்ஸம்மாவிடம்தான் அப்பா நீளமாகப் பேசினார். அவர் அதை நோட்டில் எழுதிக்கொண்டது எனக்குச் சுத்தமாகப் பிடிக்கவில்லை.

எங்கள் வீட்டில் அப்பா சாப்பிட்ட பிறகு அதே தட்டில்தான் அம்மா சாப்பிடுவாள். அப்பாவின் தட்டு கஞ்சித் தம்ளராகச் சுருங்கியபோதும் அவள் வழக்கத்தை விடவில்லை. ஒன்றரை மணி நேரம் ஊட்டி முடித்து, தம்ளரில் மிஞ்சிய ஆறிப்போன கஞ்சியைக் குடித்துவிட்டு எழுந்துவிடுவாள். வீட்டில் அப்பளம் பொரிப்பது நின்றது. கடிக்கிற சத்தம் அவர் காதில் விழக் கூடாது என்பாள். நான் முறுக்கைக்கூடத் தெருவில் நின்றுதான் தின்ன வேண்டும்.

அப்படிப்பட்டவள் வியாழக்கிழமைகளில் மட்டும் தலைவாரிப் பூ வைத்துக்கொண்டு எங்கே போகிறாள்? கேட்டால், “சீவில்லிபுத்தூர்ல ஒரு சோலி இருக்கு, வந்துருதேன்” என்று முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அத்தை என்னைச் சமையலறைக்குள் இழுத்துப் போனாள்.

“எந்தம்பி அசையாமக் கெடக்கான். இவளுக்கு என்னட்டி அம்புட்டுச் சோலி? நீ பின்னாடியே போயிப் பாத்துட்டு வா. ஏதாச்சும் கோளாறா இருந்துச்சுன்னா அந்த நர்ஸை வாசப்படி மிதிக்க விட மாட்டேன்.”

அம்மா பஸ்ஸில் முன்பக்கம் ஏறினாள். நான் அத்தை கொடுத்த காசோடு பின்பக்கம் ஏறி ஒரு வாழைத்தார்க்காரரின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டேன். ஆண்டாள் கோயிலுக்குப் போனால் மன்னித்துவிடலாம் என்று பெரிய மனது பண்ணி வைத்திருந்தேன். அம்மா கோபுரத்தைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். பிறகு நேராக ஓர் ஓட்டலுக்குள் நுழைந்துவிட்டாள்.

எதிர்க் கடை ஓரமாக நின்று பார்த்தேன். அம்மா இலை போட்டுச் சாப்பிட்டாள். சாம்பார், ரசம், மோர். அப்பளத்தை உள்ளங்கையில் வைத்து நொறுக்கினாள். இன்னொரு அப்பளம் கேட்டு வாங்கினாள். வெளியே வந்து கொஞ்சம் பால்கோவா வாங்கிக்கொண்டு, கோயில் வெளி மண்டபத்தில் ஒரு தூணில் சாய்ந்து, விரலை நக்கி நக்கித் தின்றாள். பிறகு முந்தானையைத் தலைக்கு மடித்து வைத்துத் தூங்கிப்போனாள். யாரோ வரப்போகிறார்கள் என்று நான் வெகுநேரம் காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை. எனக்கு அழுகை அழுகையாக வந்தது. அப்பா எச்சில் விழுங்கத் திண்டாடுகிறார், இவள் இங்கே பால்கோவா தின்கிறாள்! யாராவது வந்திருந்தால்கூட எனக்கு அவ்வளவு கோபம் வந்திருக்காது.

அவள் எழுவதற்குள் நான் பஸ் பிடித்து வீட்டுக்கு வந்துவிட்டேன். அப்பா கட்டிலின் பக்கத்தில் நர்ஸம்மாவும் அத்தையும் இருந்தார்கள். மூச்சு வாங்கக் கொட்டினேன்.

“அம்மா ஓட்டல்ல சாப்பிட்டா. அப்பளம் தின்னா. பொறவு பால்கோவா. பொறவு படுத்துத் தூங்குனா!”

“பாத்தியாடா தம்பி, ஒம் பொண்டாட்டியை!” என்றாள் அத்தை.

அப்பாவிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. சிரிப்பா அழுகையா என்று அந்த நோயில் கண்டுபிடிக்க முடியாது. பிறகு அட்டையைப் பார்த்தார். நர்ஸம்மா விரலை நகர்த்தினார். நெடுநேரம் கழித்து என்னைப் பார்த்து, “எத்தனை அப்பளம்னு கேக்காரு,” என்றார்.

“ரெண்டு,” என்றேன் கணீரென்று. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அப்பாவும் எங்கள் கட்சி, குற்றத்தைக் கணக்கெடுக்கிறார் என்று நினைத்தேன். மீண்டும் அட்டை நகர்ந்தது. அதைப் பார்க்க எனக்குப் பொறுமை இல்லை. அம்மா வந்து இறங்கி மாட்டிக்கொள்வதைப் பார்க்கத் தெருமுனைக்கு ஓடிவிட்டேன்.

அம்மா வந்த பிறகும் அன்றைக்கு வீட்டில் ஒன்றுமே நடக்கவில்லை. அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அடுத்த வியாழக்கிழமை அவளே அம்மாவை விரட்டினாள்: “இன்னும் என்னட்டி பாத்திரத்தை உருட்டுத? பஸ்ஸு போயிரப் போகுது!” அத்தையையும் நர்ஸம்மா மடக்கிவிட்டார் என்று தோன்றியது. அன்றிலிருந்து அத்தையையும் நம்புவதை விட்டேன்.

அப்பா மறு வருடம் போய்விட்டார். நர்ஸம்மா அந்த நோட்டை அம்மாவிடம் கொடுத்தார். என் பிள்ளை பிறந்து, நான் தூக்கமில்லாமல் எரிந்து விழுந்துகொண்டிருந்த ஒரு நாளில் அம்மா அதை எடுத்து என் மடியில் வைத்தாள். முதல் பக்கத்தில் இருந்தது: ‘அவளை வாரம் ஒரு நாள் வெளியே அனுப்புங்க. வயிறாரச் சாப்பிடணும், தூங்கணும். நான் சொன்னா கேக்க மாட்டா. நீங்க சொன்னதாச் சொல்லுங்க.’ வெளியே போய்ச் சாப்பிட்டுத் தூங்கிவிட்டு வராவிட்டால் இனி வர மாட்டேன் என்று நர்ஸம்மா மிரட்டியதால்தான் போனதாக அம்மா சொன்னாள்.

பக்கங்களைப் புரட்டி அந்த வியாழக்கிழமையைத் தேடிப் பிடித்தேன். ‘எத்தனை அப்பளம்’ என்று இருந்தது. அதற்குக் கீழே, நான் தெருமுனையில் காத்து நின்ற நேரத்தில், ஒவ்வோர் எழுத்துக்கும் கண்ணை மூடித் திறந்து அப்பா சொல்லியிருந்தது:

‘ரெண்டு பத்தாது. அக்கா, அவளைப் போக விடு.’